எது காலி? வட்டின் காலியிடக் கணக்கு: ஒரு மதிப்பாய்வு

ஒரு கோப்பை அழித்ததும் அது இருந்த இடம் காலி என்று இயங்குதளம் அறிவிக்கிறது. எந்த ஆதாரத்தின் பேரில் அப்படி அறிவிக்கிறது? இந்தக் கேள்விக்கு அரை நூற்றாண்டாக விடைகள் எழுதப்பட்டுவருகின்றன. பாடநூல்கள் அவற்றைப் பெரும்பாலும் ஒரு தரவமைப்புத் தேர்வாகச் சுருக்கிவிடும்: பிட்மேப்பா, தொடர்பட்டியலா, மரமா? அந்தத் தேர்வு முக்கியம்தான். ஆனால் விடைகளை வந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் அதைவிட ஆழமான பிளவு ஒன்று தெரிகிறது.

எந்தெந்தப் பிளாக்குகள் ஒரு கோப்புக்குச் சொந்தம் என்பதை அக்கோப்பின் ஐநோடோ கோப்பகப் பதிவோ சொல்லிவிடும். எந்தக் கோப்பும் உரிமை கோராத பிளாக்தான் காலி. ஆகவே காலியிடம் தனியாகப் பதிந்தே ஆகவேண்டிய செய்தி இல்லை. மற்றப் பதிவுகளிலிருந்து பெறப்படும் முடிவு. அதைத் தனியாக எழுதி வைக்கும் எந்தக் கோப்பமைப்பும் ஒரே உண்மைக்கு இரண்டு கணக்கு வைத்திருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகும்வரை சிக்கல் இல்லை. முரண்படும்போது எதை நம்புவது, முரண்படாமல் காக்க எவ்வளவு செலவிடுவது என்பதில்தான் வடிவமைப்பாளர்கள் பிரிகிறார்கள்.

தனிக் கணக்கே வேண்டாம்

கேரி கில்டால் 1974-இல் உருவாக்கிய சிபி/எம் இந்த நிலையைக் கலப்பில்லாமல் எடுத்தது. பிளாப்பியில் காலியிடம் பற்றி ஒரு பைட்கூட எழுதப்படவில்லை. வட்டை முதலில் அணுகும்போது கோப்பகம் முழுவதையும் படித்து, பயன்பாட்டிலுள்ள பிளாக்குகளின் பிட் வரிசையை நினைவகத்தில் கட்டிக்கொள்ளும். வட்டில் இரண்டாவது கணக்கு இல்லாததால் அங்கே முரண்பாட்டுக்கு இடமில்லை. முரண்பாடு வேறு வழியில் வந்தது. பயனர் பிளாப்பியை மாற்றிவிட்டால் நினைவகத்திலுள்ள வரிசை பழைய வட்டைப் பற்றியதாகவே இருக்கும். அதை நம்பி எழுதினால் புதிய வட்டின் கோப்புகள் பாழாகும். ஆகவே சிபி/எம் 2 கோப்பகத்தின் சரிபார்ப்புத் தொகையை ஒப்பிட்டு, மாற்றம் தெரிந்தால் எழுதவே மறுத்தது. பயனர் கன்ட்ரோல்-சி அழுத்தி வட்டை மறுபடி அறிமுகம் செய்ய வேண்டியிருந்தது.

மைக்ரோசாஃப்டில் மார்க் மெக்டொனால்டு 1977-இல் வடிவமைத்த ஃபேட் அட்டவணை இரு கணக்கையும் ஒன்றாக்கியது. ஒவ்வொரு கிளஸ்டருக்கும் அட்டவணையில் ஓர் இடம் உண்டு. அதிலுள்ள எண் கோப்பின் அடுத்த கிளஸ்டரைக் காட்டும். 0 என்றால் காலி. அழகான எளிமை இது. ஆனால் மொத்தக் காலியிடம் எவ்வளவு என்று அறிய அட்டவணை முழுவதையும் படிக்க வேண்டும். வட்டுகள் பெருத்து ஃபேட்32 வந்தபோது அது தாங்கவில்லை. எனவே காலிக் கிளஸ்டர்களின் எண்ணிக்கையையும் அடுத்துத் தேடத் தொடங்க வேண்டிய இடத்தையும் சொல்லும் தனிச் செக்டர் ஒன்று சேர்க்கப்பட்டது. அந்த எண்கள் சரியாகத்தான் இருக்கும் என்று கொள்ளக்கூடாது, அவை குறிப்புகள் மட்டுமே என்கிறது விவரக்குறிப்பு. எழுதி வைத்தும் நம்பாமல் இருப்பது என்ற நடுநிலை இங்கே தெளிவாக வெளிப்படுகிறது. 2006-இல் வந்த எக்ஸ்ஃபேட் அதையும் விட்டுத் தனிப் பிட்மேப்புக்குப் போய்விட்டது.

பட்டியலும் அதன் சிதைவும்

யூனிக்ஸின் தொடக்கப் பதிப்புகள் காலியிடத்தைத் தொடர்பட்டியலாக வைத்தன. ஆறாம் பதிப்பில் சூப்பர்பிளாக்கில் 100 காலிப் பிளாக்குகளின் எண்கள் இருக்கும். அவற்றில் முதலாவது பிளாக்குக்குள் அடுத்த 100 எண்கள் இருக்கும். அதன் முதலாவதற்குள் அடுத்தவை. ஒரு பிளாக் வேண்டுமென்றால் வரிசையின் கடைசி எண்ணை எடுத்துக் கொடுத்தால் போதும். பிளாக் விடுபட்டால் எண்ணைக் கடைசியில் சேர்த்தால் போதும். நூற்றுக்கு ஒருமுறைதான் இதற்காக வட்டைத் தொட வேண்டும். பட்டியல் காலிப் பிளாக்குகளுக்குள்ளேயே குடியிருப்பதால் அதற்கென்று தனி இடமும் தேவையில்லை. நினைவகம் கிலோபைட்டுகளில் அளக்கப்பட்ட காலத்துக்கு இது மிகப் பொருத்தமான தீர்வு.

அதன் குறை உடனே தெரியவில்லை, நாள்பட்டே தெரிந்தது. புதிய வட்டில் பட்டியல் வரிசையாக இருக்கும். கோப்புகள் உருவாகி அழிய அழிய, கடைசியில் விடுபட்டது முதலில் எடுக்கப்படும் விதியால் எண்கள் கலைந்துவிடும். பிறகு எழுதப்படும் ஒரு கோப்பின் பிளாக்குகள் வட்டெங்கும் சிதறும். மெக்குசிக், ஜாய், லெஃப்லர், ஃபேப்ரி ஆகிய நால்வர் 1984-இல் வெளியிட்ட கட்டுரை இதை எண்களோடு பதிவுசெய்தது: புதிதாக உருவாக்கிய கோப்பமைப்பு நொடிக்கு 175 கிலோபைட் வேகம் தந்தது, சில வாரங்களின் மிதமான பயன்பாட்டுக்குப் பின் அது 30 கிலோபைட்டாக வீழ்ந்தது. எல்லாவற்றையும் வெளியே படியெடுத்துவிட்டு, கோப்பமைப்பை மறுபடி கட்டித் திரும்ப ஏற்றுவதே அன்றைய மருந்து.

பெர்க்லியின் வேகக் கோப்பமைப்பு இதற்குத் தந்த விடை இன்றுவரை பலவற்றின் அடிப்படையாக இருக்கிறது. வட்டைச் சிலிண்டர் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பிட்மேப் வைத்தார்கள். இங்கே பிட்மேப் சேமித்த நேரத்தைவிட அது வெளிக்காட்டிய செய்தியே பெரிது. பட்டியல் “அடுத்துக் கிடைப்பது எது” என்ற கேள்விக்கு மட்டுமே விடை தரும். பிட்மேப்போ “இந்தப் பிளாக்குக்குப் பக்கத்தில் எது காலி” என்று கேட்க வழிசெய்தது. முதலில் அதே சிலிண்டர், இல்லையேல் அதே குழு, அதுவும் நிரம்பியிருந்தால் வேறு குழு என்று தேடும் கொள்கை அதனால்தான் சாத்தியமாயிற்று. எச்எஃப்எஸ், என்டிஎஃப்எஸ், எக்ஸ்ட்2 ஆகியவையும் பிட்மேப்பையே தேர்ந்தன.

பக்கத்திலேயே இடம் கிடைக்கவேண்டுமானால் எங்கும் கொஞ்சம் காலி இருக்கவேண்டும். அதனால் அக்கட்டுரை 10 விழுக்காடு இடத்தைச் சாதாரணப் பயனர்களுக்குத் தராமல் ஒதுக்கி வைக்கச் சொன்னது. எக்ஸ்ட்2 வரிசை 5 விழுக்காட்டை ரூட் பயனருக்கு ஒதுக்கியது. யூனிக்ஸ் வகை அமைப்புகள் காலியிடத்துக்கு இரண்டு எண்கள் சொல்வது இதனால்தான்: உண்மையில் காலியாக இருப்பது ஒன்று, சாதாரணப் பயனர் எடுத்துக்கொள்ளக்கூடியது இன்னொன்று. இந்த ஒதுக்கீட்டு விழுக்காட்டின் மீதுள்ள சர்ச்சைக்குக் கடைசியில் வருவோம்.

வட்டு பெருத்தபோது

பிட்மேப்பின் கணக்கு எளிது. 4 கிலோபைட் பிளாக்குகள் கொண்ட 1 டெராபைட் வட்டுக்கு 32 மெகாபைட் பிட்மேப் போதும். அளவாகப் பார்த்தால் இது அற்பம். சிரமம் தேடுவதில் இருக்கிறது. 1 கிகாபைட் தொடர் இடம் எங்கே இருக்கிறது என்று பிட்மேப் நேராகச் சொல்லாது. பிட் பிட்டாகக் கடந்து பார்க்க வேண்டும். எக்ஸ்ட்2 வரிசையில் ஒரு குழுவின் பிட்மேப் ஒரு பிளாக்குக்குள் அடங்கும். எனவே 4 கிலோபைட் பிளாக்கில் ஒரு குழு 128 மெகாபைட். 1 டெராபைட்டில் இப்படி 8,192 குழுக்கள்.

சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனம் பெரும் காணொளிக் கோப்புகளையும் அறிவியல் தரவையும் மனதில் வைத்து உருவாக்கிய எக்ஸ்எஃப்எஸ், பிளாக்குகளை எண்ணுவதை விட்டுவிட்டுத் தொடர்ச்சியான காலித் துண்டுகளை எண்ணியது. ஒவ்வொரு ஒதுக்கீட்டுக் குழுவிலும் இரண்டு பி+ மரங்கள்: ஒன்று தொடக்க இடத்தின் வரிசையில், மற்றது நீளத்தின் வரிசையில். “இந்த இடத்துக்கு அருகில்” என்றும் “இவ்வளவு பெரிய துண்டு” என்றும் இரு விதமாகவும் கேட்கலாம். விலை என்னவென்றால் ஒரே காலியிடத்துக்கு இப்போது இரண்டு மரங்களை ஒத்திசைவாகக் காக்க வேண்டும். மரம் வளரவும் பிளாக் வேண்டும். காலியிடம் தேடும் வேலைக்கே காலியிடம் தேவைப்படுகிற இந்தச் சுழலை உடைக்க, எக்ஸ்எஃப்எஸ் மரங்களுக்கென்று சில பிளாக்குகளைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறது. வட்டு மிகவும் துண்டுபட்டால் மரம் பிட்மேப்பைவிடப் பெரிதாகிவிடும் என்பதும் உண்மை.

2008-இல் நிலைபெற்ற எக்ஸ்ட்4 வேறொரு சமரசம் செய்தது. வட்டில் பழைய பிட்மேப்பே இருக்கும். நினைவகத்தில் அதிலிருந்து ‘பட்டி’ (buddy) முறை அமைப்பு ஒன்று கட்டப்படும். 1960-களில் நினைவக ஒதுக்கீட்டுக்காகப் பிறந்த உத்தி அது, இடத்தை இரண்டின் அடுக்குகளாகப் பிரித்துக் கணக்கு வைக்கும். வட்டில் எளிய வடிவம், நினைவகத்தில் தேடலுக்கேற்ற வடிவம் என்ற இந்தப் பிரிவு நியாயமானது என்றே தோன்றுகிறது: பழுது பார்க்க எளிய வடிவமும் வேகமாகத் தேட ஏற்ற வடிவமும் ஒன்றாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. எக்ஸ்எஃப்எஸ், எக்ஸ்ட்4 இரண்டும் தரவு உண்மையில் வட்டுக்குப் போகும் நேரம்வரை இடத்தைத் தேர்வதையே தள்ளிப்போடுவது இங்கே சொல்லவேண்டிய இன்னொன்று. கோப்பு எவ்வளவு நீளும் என்று தெரிந்தபின் தேடினால் நல்ல துண்டு கிடைக்கும். ஆனால் அதுவரை “இடம் உண்டு” என்று தந்த வாக்கு தனிக் கணக்காக நினைவகத்தில் நிற்கும்.

நிகழ்ந்ததை மட்டும் எழுதுதல்

மெண்டல் ரோசன்பிளமும் ஜான் அவுஸ்டர்ஹவுட்டும் 1990-களின் தொடக்கத்தில் முன்வைத்த பதிவேட்டுக் கோப்பமைப்பு கேள்வியையே மாற்றியது. எழுதுவதையெல்லாம் பதிவேட்டின் முனையில் தொடர்ச்சியாக எழுதிக்கொண்டே போவோம். சிறு சிறு காலித் துண்டுகளைத் தேடவே வேண்டாம். வட்டு பெரிய பகுதிகளாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை பைட்டுகள் இன்னும் உயிருடன் உள்ளன என்ற ஓர் எண்ணிக்கை போதும். எழுதும்போது வட்டு வேகத்தில் 65 முதல் 75 விழுக்காடுவரை பயன்படுத்த முடிந்தது, அன்றைய யூனிக்ஸ் கோப்பமைப்புகள் 5 முதல் 10 விழுக்காடே பயன்படுத்தின என்றார்கள். தேடும் செலவு மறையவில்லை, இடம் மாறியது. காலியிடத்தைக் கண்டுபிடிக்கும் வேலை காலியிடத்தை உண்டாக்கும் வேலையாயிற்று. உயிருள்ள தரவைப் பொறுக்கி வேறிடத்தில் எழுதிப் பகுதிகளைத் துடைக்கும் துப்புரவாளர் நிரல், வட்டு நிரம்ப நிரம்ப அதிகம் உழைக்க நேரும். இதன் மீது தொடர்ந்த விவாதம் அந்த உழைப்பின் அளவைப் பற்றியதே.

சன் நிறுவனத்தின் இசட்எஃப்எஸ் பதிவேடு என்ற கருத்தைத் தரவுக்கு அன்றி, காலியிடக் கணக்குக்கே பயன்படுத்தியது. ஜெஃப் பான்விக் 2007-இல் அதற்குத் தந்த விளக்கத்தின் சாரம் இது: பெரிய கோப்பொன்றை அழித்தால் அதன் பிளாக்குகள் பிட்மேப்பின் பல மூலைகளில் கிடக்கும். ஒவ்வொரு மூலையையும் வட்டிலிருந்து படித்து, மாற்றி, திரும்ப எழுத வேண்டும். அதற்குப் பதில் “இந்த இடம் எடுக்கப்பட்டது, இந்த இடம் விடப்பட்டது” என்று நிகழ்வுகளை மட்டும் வால் பக்கத்தில் சேர்த்துக்கொண்டே போகலாம். ஒரு பகுதியில் இடம் வேண்டும்போது மளிகைக்கடைக் குறிப்பேட்டைக் கூட்டிக் கழித்து நிலுவை காண்பதுபோல அந்தப் பதிவேட்டை முதலிலிருந்து வாசித்து, நினைவகத்தில் நிலவரத்தைக் கட்டிக்கொள்ளலாம். பதிவேடு வீங்கிப்போனால் சுருக்கி மறுபடி எழுதலாம். முழுவதும் காலியான பகுதிக்கும் முழுவதும் நிரம்பிய பகுதிக்கும் ஓரிரு வரிகள் போதும் என்பது இதன் நேர்த்தி. சிதறிய பகுதிகளைப் பொறுத்தவரை அந்த நேர்த்தி நிலைப்பதில்லை: வாசிக்க நேரமும் வைத்துக்கொள்ள நினைவகமும் கூடுதலாகச் செலவாகும். ஒரு பகுதியில் காலி 4 விழுக்காட்டுக்குக் கீழே போனால் இயல்பாகவே தேடல் முறையை மாற்றி, பொருத்தமான துண்டைப் பொறுக்கும் மெதுவான வழிக்கு அது போகிறது.

இரு கணக்கும் முரண்படும்போது

மின்சாரம் போகும் ஒரு நொடியில் கோப்பின் ஐநோடு எழுதப்பட்டு, பிட்மேப் எழுதப்படாமல் நின்றால், உரியவர் உள்ள பிளாக் காலி எனத் தோன்றும். அதை இன்னொரு கோப்புக்குக் கொடுத்தால் இரண்டும் கெடும். தலைகீழாக நடந்தால் யாருக்கும் சொந்தமில்லாத பிளாக் பயன்பாட்டில் இருப்பதாகக் காட்டும். இடம் வீணாகுமே தவிர எதுவும் கெடாது. இரு பிழைகளும் சமமல்ல என்ற இந்த அறிதல் பல வடிவமைப்புகளின் வேர்.

பழைய யூனிக்ஸில் ஐசெக் என்ற நிரல், காலிப் பட்டியலைத் தூக்கியெறிந்துவிட்டு ஐநோடுகளிலிருந்து புதிதாகக் கட்டித் தரும். எஃப்எஸ்செக் அதன் விரிந்த வாரிசு. இரண்டிலும் தீர்ப்பு ஒன்றே: உரிமைப் பதிவே மூலம், காலிக் கணக்கு நகல். வட்டு பெருத்தபோது முழுச் சரிபார்ப்பு மணிக்கணக்கில் நீண்டது. அதைத் தவிர்க்க இரண்டு வழிகள் பிரிந்தன. எக்ஸ்ட்3 போன்றவை மாற்றங்களை முதலில் ஜர்னலில் எழுதி, இரு கணக்கும் சேர்ந்தே மாறும்படி செய்தன. மெக்குசிக்கும் கிரெகரி கேங்கரும் 1999-இல் விளக்கிய மென்புதுப்பிப்பு முறை, எழுதும் வரிசையைக் கட்டுப்படுத்தி, ஆபத்தில்லாத பிழை மட்டுமே மிஞ்சும்படி பார்த்துக்கொண்டது. தொலைந்த இடத்தைக் கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே மீட்கலாம். நடைமுறையில் ஜர்னல் வென்றது. மென்புதுப்பிப்பின் சார்பு விதிகள் மிகச் சிக்கலானவை என்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் ஜர்னல் மின்தடைக்கு மருந்து. நிரல் பிழைக்கோ வட்டுக் கோளாறுக்கோ அது காப்பாகாது. எக்ஸ்எஃப்எஸ் 2016-இல் ஒவ்வொரு பிளாக்குக்கும் உரியவர் யார் என்று சொல்லும் தலைகீழ் மரம் ஒன்றைச் சேர்த்தது இந்த இடைவெளியை நிரப்பத்தான். முரண்பாட்டுக்கு அங்கே தரப்பட்ட விடை மூன்றாவது கணக்கு.

பொருள் மாறிய “காலி”

இதுவரை பார்த்தவை “காலி” என்பதற்கு ஒரே பொருள் உண்டு என்று கொண்டவை. கோப்பமைப்பின் ஒரு கணத்து நிலையை அப்படியே காத்துவைக்கும் ஸ்னாப்ஷாட் அந்த ஒருமையைக் கலைத்தது. நெட்ஆப் நிறுவனத்தின் வாஃபல் (1994) ஒவ்வொரு 4 கிலோபைட் பிளாக்குக்கும் ஒரு பிட்டுக்குப் பதில் 32 பிட்டுகள் வைத்தது. ஒரு பிட் நடப்புக் கோப்பமைப்புக்கு, மற்றவற்றில் பல ஸ்னாப்ஷாட்டுகளுக்கு. எல்லாம் பூச்சியமானால்தான் பிளாக் காலி. ஆக “யாருக்குக் காலி” என்ற கேள்வி வடிவமைப்பிலேயே இடம்பெற்றது. இசட்எஃப்எஸ் பிட்டுகளுக்குப் பதில் பிறந்த நேரத்தை வைத்துத் தீர்மானிக்கிறது: கடைசி ஸ்னாப்ஷாட்டுக்குப் பின் பிறந்த பிளாக் என்றால் விடுவிக்கலாம், முன்பே பிறந்தது என்றால் இறந்தோர் பட்டியலில் காத்திருக்க வேண்டும். ஸ்னாப்ஷாட்டுகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வேண்டியதில்லை என்பது இதன் பெரும் நன்மை.

பட்டர்எஃப்எஸ் ஒவ்வொரு துண்டுக்கும் எத்தனை பேர் உரிமை கோருகிறார்கள் என்ற எண்ணிக்கையை மரத்தில் வைக்கிறது. அம்மரத்தின் இடைவெளிகளே காலி. இடைவெளிகளைத் தேடுவது மெதுவாக இருந்ததால் முதலில் ஒரு தற்காலிகச் சேமிப்பும், 2016-இல் தனிக் காலியிட மரமும் வந்தன. தனிக் கணக்கு வேண்டாம் என்று தொடங்கியவர்கள் கடைசியில் அதை எழுதி வைக்க நேர்ந்தது கவனிக்கத்தக்கது. அதோடு பட்டர்எஃப்எஸ் வட்டைத் தரவுக்கும் மேல்தரவுக்கும் (கோப்பமைப்பின் சொந்தப் பதிவுகளுக்கும்) தனித்தனிப் பெருந்துண்டுகளாக முன்கூட்டியே பிரிக்கிறது. மேல்தரவுத் துண்டுகள் நிரம்பிவிட்டால், தரவுப் பக்கம் பல கிகாபைட் காலி இருந்தும் “இடமில்லை” என்று மறுக்க நேரிடும். இதன் பயன்பாட்டு அறிக்கை காலியிடத்தை மதிப்பீடு என்றே குறிப்பிட்டு, குறைந்தபட்சம் எவ்வளவு என்றும் சேர்த்துச் சொல்கிறது. இந்த நேர்மை மற்றவற்றிலும் இருந்தால் நல்லது.

ஆப்பிளின் ஏபிஎஃப்எஸ் (2017) இன்னும் ஒரு படி போனது. பல வால்யூம்கள் ஒரே காலியிடத்தைப் பகிர்கின்றன. தேவைப்பட்டால் அமைப்பே அழித்துக்கொள்ளக்கூடிய தரவும் உண்டு. செயலிகள் கேட்கும்போது, முக்கியமான தேவைக்கு எவ்வளவு, இருந்தால் நல்லது என்ற தேவைக்கு எவ்வளவு என்று வெவ்வேறு எண்கள் கிடைக்கின்றன.

வாஃபல், இசட்எஃப்எஸ், பட்டர்எஃப்எஸ் போன்றவற்றில் பொதுவாக எதையும் இருந்த இடத்தில் திருத்துவதில்லை. புதிய இடத்தில் எழுதியபின்தான் பழையது விடப்படுகிறது. ஒரு கோப்பை அழிக்கவும் மேல்தரவைப் புதிதாக எழுத இடம் வேண்டும். முற்றும் நிரம்பிய வட்டில் அழிக்கவே முடியாமல் போகும் அபாயத்தைத் தவிர்க்க இசட்எஃப்எஸ் 1/32 பங்கை எடுத்து வைத்துக்கொள்கிறது. மிகப் பெரிய தொகுப்புகளில் இதற்கு உச்சவரம்பு உண்டு.

வட்டுக்குள் இன்னொரு கணக்கு

ஃபிளாஷ் நினைவகம் வந்தபோது கணக்கு எழுதுபவர்களில் மேலும் ஒருவர் சேர்ந்தார். எஸ்எஸ்டியின் உள்நிரல் கிட்டத்தட்ட ஒரு பதிவேட்டுக் கோப்பமைப்பு: பக்கங்களில் எழுதும், பெரிய அழிப்புப் பகுதிகளாகத் துடைக்கும், உயிருள்ளவற்றை இடம் மாற்றும். கோப்பமைப்பு காலி என்று குறித்த பிளாக் அதற்குத் தெரியாது. அழிந்த கோப்பின் தரவையும் உயிருள்ளதாக எண்ணிச் சுமக்கும். அதைச் சொல்லவே டிரிம் கட்டளை 2009 வாக்கில் இயங்குதளங்களில் பரவியது. அழிக்கும் ஒவ்வொரு முறையும் அனுப்புவதா, வாரம் ஒருமுறை மொத்தமாகச் சொல்வதா என்பதில் கருத்து ஒன்றாகவில்லை. லினக்ஸ் வழங்கல்கள் பல இரண்டாவதையே தேர்ந்துள்ளன. மறையாக்கப்பட்ட வட்டுகளில் டிரிம் எங்கெங்கே காலி என்பதை வெளியாருக்குக் காட்டிக்கொடுக்கும். அதனால் லினக்ஸின் மறையாக்க அடுக்கு அதை இயல்பாக அனுமதிப்பதில்லை. காலியிடம் பற்றிய அறிவும் ஒரு செய்திதான் என்று இது நினைவூட்டுகிறது.

தீராதவை

அடிப்படைக் கேள்வியில் ஓரளவு உடன்பாடு உருவாகியுள்ளதாகக் கொள்ளலாம். இன்று பெரும்பாலானவை உரிமைப் பதிவையே மூலமாகக் கொண்டு, காலிக் கணக்கை மறுபடி கட்டத்தக்க நகலாக நடத்துகின்றன. பிட்மேப்பா மரமா என்ற பழைய விவாதம் அதன் கூர்மையை இழந்துவிட்டது. நினைவகத்தில் ஒன்றும் வட்டில் மற்றொன்றுமாக இரண்டும் கலந்தே இருக்கின்றன.

எவ்வளவு காலியாக வைப்பது என்பதில் சான்று இன்னும் மெலிதாகவே உள்ளது. 10 விழுக்காட்டு மரபு 1984-இன் சுழலும் வட்டுகளில் பிறந்தது. அலெக்ஸ் கான்வேயும் உடன் ஆய்வாளர்களும் 2019-இல் வெளியிட்ட சோதனைகளில், உண்மையான பயன்பாட்டை ஒத்த சுமையின் கீழ், இட நெருக்கடியால் படிக்கும் வேகம் எக்ஸ்ட்4-இல் சுமார் 20 விழுக்காடு மட்டுமே குறைந்தது. மற்றக் கோப்பமைப்புகளில் பாதிப்பு புறக்கணிக்கத்தக்கதாக இருந்தது. நிரம்பியிருப்பதைவிட நாள்பட்ட பயன்பாடே பெரிய சேதம் செய்கிறது என்பது அவர்கள் கருத்து. செயற்கையாகத் தீவிரப்படுத்திய சிறு சோதனைகளில் இட நெருக்கடியின் பாதிப்பு கணிசமாக இருந்ததையும் அவர்களே பதிந்துள்ளனர். எனவே பழைய விழுக்காடுகளைக் கைவிடவும் இது போதாது, அப்படியே வைத்திருக்கவும் போதாது.

அதைவிடப் பெரிய இடைவெளி நிரல்களுக்குத் தரும் வாக்கில் உள்ளது. போசிக்ஸ் தரம் 2001 முதல் ஒரு முன்பதிவு அழைப்பை வரையறுத்திருக்கிறது: அது வெற்றி பெற்றால் அந்தப் பகுதியில் பின்னர் எழுதும்போது இடமில்லை என்ற பிழை வரக்கூடாது. இருந்த இடத்திலேயே திருத்தி எழுதும் கோப்பமைப்பில் இதை நிறைவேற்றலாம். ஒவ்வொரு முறை எழுதும்போதும் புதிய இடம் தேடும் அமைப்பில், இன்று ஒதுக்கிய பிளாக் நாளை எழுதுவதற்கு உதவாது. லினக்ஸின் இசட்எஃப்எஸ் அந்த அழைப்பு வரும்போது போதிய இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்கிறது. ஸ்னாப்ஷாட், பகிர்வு, சுருக்கம், மெய்நிகர் வட்டு ஆகியவற்றின் அடியில் இடத்தை உறுதியாக முன்பதிவு செய்ய ஒரு பொது இடைமுகம் சாத்தியமா, சாத்தியமென்றால் அதன் விலையை எந்த அடுக்கு ஏற்கும் என்பதற்கு ஏற்கத்தக்க விடை இன்னும் கிடைக்கவில்லை.